தலைச்சாயம்: போவதா, நிற்பதா?

நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் பள்ளிபாளையத்தாருக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு நேர் எதிரே அமைந்த இவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும், எந்தச் சாயம் முதற் சலவையிலேயே கரைந்தோடும், எது துணி கிழியும் வரை நிற்கும் என்பதைச் சிறுவர்களும் அறிவர். ஆயினும் அதே வீட்டுப் பெரியவர் தம் நரைக்குச் சாயம் பூச முற்படும்போது, கடையில் முதலில் கைக்கு வந்த பாக்கெட்டை வாங்கி, அதன் மேல் எழுதியிருப்பதைப் படியாமலே குழைத்துப் பூசிக்கொள்கிறார். நூலுக்குக் காட்டும் விவேகத்தில் கால் பங்கும் தலைக்குக் காட்டுவதில்லை.

சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும் நம்மிடம் அங்கத்தினர்கள் கணக்கைப் பற்றி மட்டுமே பேசுவார்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். அண்மையில் வெவ்வேறு சங்கங்களில் மூவர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். கழுவினால் போய்விடும் தலைச்சாயம் நல்லதா, நிரந்தரமாக நிற்கும் சாயம் நல்லதா என்பதே அக்கேள்வி. ஒருவர், மகள் கலியாணத்தை எதிர்நோக்கியிருக்கும் நெசவாளர். இன்னொருவர், தார் சுற்றும் வேலை செய்யும் அம்மையார். இடுப்பு வரை தொங்கும் கூந்தல் அவருக்கு. மூன்றாமவர் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். அவர் விரல் இடுக்குகளில் ஏற்கனவே அரிப்பும் வெடிப்பும் இருப்பதை நாம் கண்டோம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் நூலறிவும் விசாரித்தறிந்ததும் கொண்டு இதனை விளக்கலாம். மூவருக்கும் விடை ஒன்றன்று என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மயிரும் ஓர் இழைதான். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆயது. மயிரோ கம்பளி போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. அதன் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரை போன்றது. மிக நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனி நோக்கிப் படிந்திருக்கும். அந்தக் கூரைக்கு உள்ளேதான் மயிருக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறப்பொருள் உள்ளது. வேரில் அந்நிறப்பொருள் ஊறுவது நின்றுபோனால் அதன்பின் வளரும் மயிர் வெளுத்து வளர்கிறது, அதுவே நரை. ஆகவே தலைச்சாயத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எத்தனை நாள் நிற்கும் என்பதன்று. கூரையின் மேல் தங்குகிறதா, கூரையைத் திறந்து உள்ளே போகிறதா என்பதாகும்.

கூரை மேல் தங்குவதே தற்காலிகச் சாயம். இதன் நிறத்துகள்கள் பெரியவை. உள்ளே நுழைய இயலாதவை. பாவுக்குக் கஞ்சி போடும்போது கஞ்சியோடு ஏதேனும் நிறத்தைக் கலந்துவிட்டால் நூலில் எப்படி ஒட்டியிருக்குமோ, அப்படி இது மயிரின் மேல் ஒட்டியிருக்கும். ஒரு முறை தலைக்குக் குளித்தால் போயிற்று. தூரிகை, குச்சி, தெளிப்பான் ஆகிய வடிவங்களில் இது விற்கப்படுகிறது. தோலுக்கு இதனால் தீங்கு அரிது. ஆனால் சித்திரை வெயிலில் தறிக்கொட்டகைக்குள் நிற்பவருக்கு இது உதவாது. வியர்வை வழியும்போது கருமையும் வழியும். சட்டைக் கழுத்தோடு நின்றால் குற்றமில்லை, தறியில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளைத் துண்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அது கழிவுத்துணி ஆகிவிடும்.

அடுத்தது இடைத்தரமானது. இதன் துகள்கள் சிறியவை. செதில்களின் இடுக்கு வழியே சற்றே உள்ளே புகுந்து தங்கும். டைரக்ட் சாயம் தோய்த்த நூலை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். உப்பும் வெந்நீரும் போதும், ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். தலையிலும் அப்படியே. ஏறக்குறைய ஐந்து முதல் பத்துக் குளியல்களில் பெரும்பாலும் போய்விடும். நரை ஆங்காங்கே தோன்றும் தலைக்கு இது தகும்; முழுதும் பஞ்சாய் வெளுத்த தலையை மூட இதற்கு வலிவு போதாது.

மூன்றாவதே 'நிரந்தரம்' என்று விற்கப்படுவது. இதனைப் புரிந்துகொள்ள நாப்தால் சாயத்தை அறிந்தவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். சிட்ட நூலை முதலில் நாப்தால் தொட்டியில் முக்குகிறோம்; அப்போது நிறம் ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. பிறகு பேஸ் தொட்டியில் முக்கியவுடன் இரண்டும் நூலுக்குள்ளேயே கலந்து பளிச்சென்று சிவப்பு எழுகிறது. நிறம் தொட்டியில் பிறக்கவில்லை, இழைக்குள் பிறந்தது. ஆகையால்தான் வெளியே வருவதில்லை. நிரந்தரத் தலைச்சாயமும் இதே தந்திரம். அம்மோனியா போன்ற காரம் செதில்களைத் தூக்கி விடுகிறது. பாரா-ஃபினிலீன்-டையமின் என்னும் நிறமற்ற சிறு பொருள் உள்ளே நுழைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதனைப் பிராணவாயுவால் மாற்றி, துணைப்பொருள்களோடு இணையச் செய்கிறது. அரை மணி நேரத்தில் பெரிய கரிய மூலக்கூறுகள் உள்ளே உருவாகி, வந்த வழியே திரும்ப முடியாமல் சிறைப்பட்டுவிடுகின்றன. மேற்படி நீண்ட பெயரை இனிச் சுருக்கமாகப் பி.பி.டி. என்போம்.

நூற்சாயமும் தலைச்சாயமும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1856-ஆம் ஆண்டில் பதினெட்டு வயது ஆங்கிலேய இளைஞர் வில்லியம் பெர்கின், நிலக்கரித் தாரிலிருந்து கிட்டும் பொருளைக் கொண்டு கொயினா மருந்து செய்ய முயன்று, மருந்துக்குப் பதிலாக ஊதாச் சாயத்தைக் கண்டார். அவருடைய ஆசிரியரான ஹாஃப்மன் 1863-இல் பி.பி.டி.யைப் பற்றி எழுதினார். 1907-இல் பாரிஸ் நகரத்து இரசாயன நிபுணர் யூஜின் ஷுவெல்லர் இவ்வகைப் பொருளைக் கொண்டு தலைச்சாயம் செய்து சிகையலங்காரக் கடைகளுக்கு விற்றார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் லோரியல் ஆயிற்று. நூற்சாயங்கள் இதற்கிடையில் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. 1956-இல் வந்த ரியாக்டிவ் சாயங்கள் இன்று பட்டறைகளில் பெருவழக்காகி விட்டன. தலைச்சாயம் மட்டும் நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் அந்தப் பழைய பி.பி.டி.யையும் அதன் உறவினரையும் நம்பியே நிற்கிறது. நரையை முழுதும் மூடிக் கருமையாக்க அதற்கு ஈடான மாற்று எளிதில் அகப்படவில்லை.

இனி, 'நிரந்தரம்' என்ற சொல்லைச் சற்றுத் தணிக்கை செய்வோம். தொழிலால் நமக்கு அது பழக்கம்.

தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. சாயம் ஏறிய பகுதி கறுப்பாகவே இருக்கலாம். ஆனால் நான்கு வாரத்தில் அடியில் ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைய வெள்ளை தெரியும். கறுப்புக்கு அடியில் வெள்ளை, முழு நரையை விடக் கண்ணை உறுத்துவது. ஆகவே மறுபடி பூச வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 12 முறை. 45 வயதில் தொடங்கியவர் 55 வயதுக்குள் 120 முறை. நூலுக்கு நிரந்தரம் என்றால் ஒருமுறை செய்து முடித்தது என்று பொருள். தலைக்கு நிரந்தரம் என்றால் விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டியது என்று பொருள். இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால்தான், தலைச்சாயத்தில் உண்மையாக எண்ண வேண்டியது சாயம் மயிரில் எத்தனை நாள் தங்கும் என்பதன்று, அது தோலை ஆண்டுக்கு எத்தனை முறை தொடுகிறது என்பதே என்று புலப்படும்.

தார் சுற்றும் அம்மையாரின் கூந்தலையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி, தலையை விட்டு வெளிவந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கும். மாதந்தோறும் வேரிலிருந்து நுனி வரை பூசினால் அந்த நுனி 60 முறை காரத்திலும் பெராக்சைடிலும் ஊறியிருக்கும். ஒரே சிட்டத்தை 60 முறை தொட்டியில் போட்டு எடுத்தால் அந்நூல் தறியில் எத்தனை அடி தாங்கும் என்பதை நெய்பவர்களே சொல்லட்டும். பெராக்சைடு வெளுக்கும் சரக்கு என்பதும் நமக்குத் தெரிந்ததே. தலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் கருமையையும் அது கொஞ்சம் வெளுக்கிறது. பல ஆண்டுகள் பூசியவர் தலையில் செம்பட்டை ஓடுவதற்கு இது ஒரு காரணம். நிரந்தரச் சாயமே பூசுவதானாலும், முதல் முறைக்குப் பிறகு வேர்ப்பகுதியில் வளர்ந்த வெள்ளைக்கு மட்டும் பூசுவதே அறிவுடைமை.

எனினும் மயிர் கெடுவது சிறு நஷ்டமே. மயிர் மீண்டும் வளரும். பெரிய கவலை தோலைப் பற்றியது. நூலைத் தோய்க்கும்போது தொட்டிக்கும் நூலுக்கும் இடையே உயிருள்ள பொருள் எதுவும் இல்லை. மயிரோ உயிருள்ள தோலில் நடப்பட்டிருக்கிறது. முழுதும் கறுப்பாக மாறி முடியாத பி.பி.டி. தோலில் ஊறும்போது, சிலருடைய உடல் அதனைப் பகையென்று குறித்துவைத்துக்கொள்கிறது. குறித்துவைக்கும் அந்த முதல் வேளையில் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறையோ, பத்தாவது முறையோ, ஐம்பதாவது முறையோ அந்தப் பகை வெளிப்படும். காதோரம், பிடரி, நெற்றி விளிம்பு ஆகிய இடங்களில் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம் தோன்றும். கண்ணிமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமற் போவதும் உண்டு. ஒருமுறை ஏற்பட்ட பகை பெரும்பாலும் ஆயுள் முழுதும் நிற்கும். இதைத்தான் உண்மையில் நிரந்தரம் எனலாம். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ஆம் ஆண்டில் அவ்வருஷத்தின் ஒவ்வாமைப் பொருளாகப் பி.பி.டி.யையே தேர்ந்தது.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வாமை பூசிய உடனே வருவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் கழித்தே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசியவருக்குச் செவ்வாய்க்கிழமை முகம் வீங்கினால், திங்களன்று தின்ற கத்தரிக்காயின் மேல் பழி விழுகிறது. கருவாட்டின் மேல் விழுகிறது. புதிதாக வாங்கிய சோப்பின் மேல் விழுகிறது. சாயம் தப்பித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் மீண்டும் பூசுகிறார். இம்முறை வீக்கம் இரு மடங்காகிறது. "பத்து வருஷமாய்ப் போடுகிறேன், இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்று நம்மிடம் வாதிட்டவர் உண்டு. அந்தப் பத்து வருஷம் அவருக்குப் பாதுகாப்புச் சான்றன்று.

புற்றுநோய் பற்றியும் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாள்தோறும் பிறருக்குச் சாயம் பூசும் முடிதிருத்துவோரின் தொழிலைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்ற ஐயத்துக்குரிய வகையில் வைத்தது; தமக்குத் தாமே பூசிக்கொள்வோரைப் பற்றி அப்படி முடிவு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆகவே வீட்டில் பூசுவோர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை. முடிதிருத்தும் நண்பர்கள் கையுறை இல்லாமல் இவ்வேலை செய்யக் கூடாது.

கடைப் பலகையில் 'தற்காலிகம்', 'நிரந்தரம்' என்று பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். பாக்கெட்டைப் பார்த்து நாமே பிரிக்க வேண்டும். கலக்க வேண்டிய இரண்டு பொருள்கள், அதாவது களிம்பும் அதனை விளைவிக்கும் திரவமும், தனித்தனியே இருந்தால் அது பெரும்பாலும் பி.பி.டி. குடும்பமே. அதில் மென்மையானது, இருபது குளியல் மட்டும் நிற்பது என்று எழுதியிருப்பதும் அக்குடும்பமாகவே இருக்கலாம். நிறம் குறைந்த நாள் நிற்பதால் ஒவ்வாமை குறைந்துவிடாது. 'அமோனியா இல்லாதது' என்ற சொல்லைக் கண்டு மயங்குவோர் பலர். மூக்கை எரிக்கும் அம்மோனியாவுக்குப் பதிலாக வேறொரு காரம் சேர்த்திருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். பி.பி.டி. இல்லை என்பது அதன் பொருளன்று. வெறும் தண்ணீரில் குழைத்தாலே கறுக்கும் மலிவான பொடிப் பாக்கெட்டுகளும் உண்டு. பிராணவாயு தரும் சரக்கைப் பொடியாகவே உள்ளே கலந்திருப்பதால்தான் அது தண்ணீரிலேயே வேலை செய்கிறது. தண்ணீரில் குழைப்பதால் அது சாதுவானது என்று எண்ணலாகாது. சேர்மானப் பட்டியல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஃபினிலீன்-டையமின், டொலுயின்-டையமின் என்ற பெயர்கள் காதில் விழுகின்றனவா என்று கேளுங்கள்.

மருதாணிப் பாக்கெட்டில் நடக்கும் வேடிக்கை தனி. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் செம்மஞ்சளாகத்தான் பற்றும். நரையில் பூசினால் தாமிர நிறம் வரும்; கறுப்பு வரவே வராது. ஆகையால் 'மருதாணி' என்றும் 'மூலிகை' என்றும் பெயர் தாங்கிக் கால் மணி நேரத்தில் காக்கைக் கறுப்பைத் தரும் பொடி எதுவானாலும் அதில் வேறு சரக்கு உண்டு என்று ஐயுறுவதே முறை. பெரும்பாலும் அந்த வேறு சரக்கு பி.பி.டி.யாக இருக்கும். இலைப்படம் அச்சிடுவதற்கு இலை தேவையில்லை அன்றோ!

இரசாயனம் வேண்டாம், ஆனால் நிற்கவும் வேண்டும் என்போர்க்கு நம் நாட்டுப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அது மருதாணிக்குப் பின் அவுரி. அவுரி விவசாயிகளுக்குப் புதியதன்று. பசுந்தழை உரமாகவும், நீலச் சாயத்துக்காகவும் தமிழ்நாட்டில் பயிரிடப்பட்டு வந்தது. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் வாணிபத்துக்கு வந்தபின் அதன் சந்தை சுருங்கியது. இன்று தலைக்கு இடும் இலைப்பொடியால் அதற்குச் சிறிது புதுவாழ்வு கிடைத்திருக்கிறது. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தால் அதில் நீலம் நிறமற்ற முன்னிலையில் அடங்கியிருக்கும். நீர் பட்டதும் அது பிரிந்து மயிருக்குள் புகுந்து, காற்றுப் பட நீலமாகிறது. வாட் சாயத் தொட்டியில் மஞ்சட் பச்சையாக இருக்கும் நூல் வெளியே எடுத்ததும் நீலமாவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மருதாணியின் செம்மையும் அவுரியின் நீலமும் சேர்ந்து கருமை ஆகின்றன.

செய்முறை இது. முதலில் கலப்பில்லாத மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவைத்துப் பூசி, இரண்டு மணி நேரமாவது விட்டுக் கழுவ வேண்டும். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். ஊற வைத்துக் காத்திருந்தால் நீலம் பாத்திரத்திலேயே பிறந்து வீணாகிவிடும், மயிரில் ஏறாது. ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் நீரில் அலச வேண்டும். அன்று சற்றுப் பச்சையாகத் தோன்றினும் இரண்டு நாளில் கறுக்கும். அரை நாள் போகும் என்பதே இதன் பெருங்குறை. கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கு அரை நாள் சிறிதன்று. நிறமும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக வராது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டறையில் நூலுக்கு இடும் நீலமும், வேறெந்த நூற்சாயமும் தலைக்கு உதவா. பட்டறை நீலத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் வேண்டும்; காஸ்டிக் தோலைப் பொசுக்கிவிடும். கையருகே இருக்கிறது, விலையுமில்லை என்பதற்காகத் தொட்டிச் சரக்கைத் தலைக்குக் கொண்டுபோக எவரும் துணிய வேண்டாம்.

இப்போது மூவருக்கும் நாம் சொன்ன விடையைக் கூறலாம். கலியாண வீட்டுக்காரருக்குத் தற்காலிகச் சாயமோ இடைத்தரச் சாயமோ போதும் என்றோம். அவர் வாழ்நாளில் முதன்முறையாக, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு நிரந்தரச் சாயம் பூசத் திட்டமிட்டிருந்தார். ஒவ்வாமை இருக்குமானால் அது சரியாக முகூர்த்தத்தன்றே முகத்தில் வந்து நின்றிருக்கும். நிரந்தரந்தான் வேண்டுமெனில் ஒரு மாதம் முன்னதாகச் சோதித்துப் பூசிப் பார்க்கட்டும். அம்மையாருக்கு மருதாணியும் அவுரியும் என்றோம். அவருக்கு ஞாயிறு ஓய்வு உண்டு. வேலை மிகுந்த மாதங்களில் இடைத்தரச் சாயத்தை வகிட்டு ஓரத்துக்கு மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

சாயப்பட்டறை நண்பருக்கு நிரந்தரச் சாயம் வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். காரணம் உண்டு. ஒரு பொருளைப் பகையாகக் குறித்துக்கொண்ட உடல், அதே சாயலுள்ள வேறு பொருள்களையும் பகையென்றே கொள்ளும். பி.பி.டி.க்குச் சாயலொத்தவை சில துணிச்சாயங்களிலும், மரத்துப்போகப் பூசும் சில மருந்துகளிலும் உள்ளன. விரல் வெடித்திருப்பவர் எதனால் வெடித்தது என்று அறியாமல் அதே இனத்துச் சரக்கைத் தலையில் கொட்டிக்கொள்ளலாகாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கையைக் காட்டி, ஒட்டுச் சோதனை பற்றிக் கேட்டறியும்படி கூறினோம். அவர், "நரையோடே இருந்துவிடுகிறேன்" என்று சிரித்தார். அதுவும் ஒரு தேர்வே, செலவில்லாதது.

வீட்டில் சோதனை செய்யும் வழியை நம் நாட்டு அழகுசாதன விதிகளே கூறுகின்றன. சாயப் பாக்கெட்டினுள் அதனை உள்ளூர் மொழியிலும் அச்சிட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது இடத்தைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, பூசுவதற்குக் கலந்த சாயத்தையே சிறிது தடவி உலர விட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். விதி 24 மணி என்கிறது. ஒவ்வாமை தாமதித்தும் வருவதால் இன்னும் ஒரு நாள், மொத்தம் 48 மணி நேரம், பொறுத்துப் பார்ப்பது நலம் என்பது நம் கருத்து. அரிப்போ சிவப்போ தோன்றினால் அப்பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டியதே. ஒவ்வொரு முறை பூசும் முன்பும் இதைச் செய்ய வேண்டும் என்கிறது விதி. அலுப்பாகத்தான் இருக்கும்; ஆனால் பத்தாவது முறை வரும் பகையை முதல் முறைச் சோதனை காட்டிக்கொடுக்காது.

புருவத்துக்கும் இமைக்கும் இச்சாயத்தை ஒருபோதும் பூசக் கூடாது என்பதும் அதே விதிதான். கண் பார்வையே போகக் கூடும். 1933-இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தால் ஒரு பெண்மணி பார்வை இழந்தார். அதில் இருந்தது பி.பி.டி.யே. 1938-இல் அந்நாட்டில் அழகுசாதனப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததற்கு அத்தகைய விபத்துகளும் காரணம். மீசைக்குப் பூசும் பழக்கம் நம்மவரிடையே மிகுதி. உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய தோல் அது; தலைக்கு ஒத்துக்கொண்டது மீசைக்கு ஒத்துக்கொள்ளும் என்று உறுதியில்லை. மீசைக்குத் தற்காலிகச் சாயமே தக்கது.

பூசும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. தலையில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால் ஒத்திப்போடுக. நெற்றி விளிம்பிலும் காதுகளிலும் வாசலின் தடவிக்கொண்டால் தோலில் கறை பற்றாது. கையுறை அணிய வேண்டும். பாக்கெட்டோடு வரும் மெல்லிய உறை கிழிந்தால் வேறொன்று போட்டுக்கொள்க. பித்தளை, இரும்புப் பாத்திரங்களில் கலக்கலாகாது. உலோகம் பட்டால் பெராக்சைடு சிதைந்துவிடும். பீங்கானோ பிளாஸ்டிக்கோ நன்று. குறித்த நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் கருமை கூடாது, எரிச்சல்தான் கூடும். கலந்ததில் மிச்சத்தை மூடிவைத்து அடுத்த மாதத்துக்குச் சேமிக்கும் சிக்கனம் இங்கே செல்லாது. அது வேலை செய்யாது. அன்றியும் வாயு பெருகி மூடி தெறிக்கக் கூடும்.

மிச்சத்தையோ புதுச் சரக்கையோ குடிநீர்ப் புட்டியிலும் மருந்துப் புட்டியிலும் ஊற்றி வைப்பதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. இச்சாயம் வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு. தொண்டையும் நாக்கும் வீங்கி மூச்சு அடைபடும். பின்னர்த் தசைகள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழக்கும். தென்னிந்திய மருத்துவமனைகளில் இதற்காகச் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். தவறி ஒரு வாய் உள்ளே போனதாகத் தெரிந்தாலும் வாந்தி எடுக்கச் செய்வது, புளித்தண்ணீர் கொடுப்பது ஆகிய கைவைத்தியம் எதுவும் வேண்டாம். அறிகுறி தோன்றும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பாக்கெட்டையும் கூடவே எடுத்துச் செல்க.

பூசிய பின் தலை எரிந்தால் குறித்த நேரம் ஆகட்டும் என்று பொறுத்திராமல் நிறைய நீர் விட்டு அலசிவிட வேண்டும். இரண்டொரு நாள் கழித்து இமை வீங்கினாலும் கொப்புளம் கண்டாலும் மருத்துவரிடம் செல்லும்போது, கடைசியாகச் சாயம் பூசிய நாளை மறவாமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சாயமே காரணம் என்று அவர் உறுதி செய்தால், பி.பி.டி. என்ற மூன்றெழுத்தைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி வாங்கிக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். இனி முடிதிருத்தும் கடையில் உட்காரும்போதும், திருவிழாவில் கைக்குக் கறுப்பு மருதாணி வைத்துக்கொள்ளக் கைநீட்டும் முன்பும் அத்தாள் உதவும்.